மலிவு விலையில் ஒரு கோ பலகை

ஜப்பானியர் 'இகோ' என்றும், சீனர் 'வெய்ச்சி' என்றும், கொரியர் 'படுக்' என்றும் வழங்கும் கோ ஆட்டத்துக்கு வேண்டிய உபகரணங்கள் மூன்றே: கோடிட்ட பலகை, கறுப்பும் வெள்ளையுமான கற்கள், அவற்றை இட்டு வைக்க இரண்டு கிண்ணங்கள். ஆனால் இவற்றில் உத்தமமானவை சாமானியன் கைக்கு எட்டாத விலையில் இருப்பதும், எட்டுகிற விலையில் வருபவற்றுள் பல, தொட்டதுமே ஆட்டத்தில் அலுப்பை உண்டாக்கிவிடுவதும்தான், இவ்விரண்டுக்கும் இடையே கடை விரிக்கும் சிறு வியாபாரியின் கஷ்டங்களுக்கெல்லாம் மூலகாரணம்.

உத்தமமான பலகைக்கு உரிய, ஜப்பானின் மியாசாகி மாகாணத்துக் கயா மரம் அதற்கு வேண்டிய பருமனை அடைய நூற்றாண்டுகள் செல்லும். அறுத்த கட்டையும் வெடிக்காமல் உலர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கறுப்புக் கல் குமானோப் பகுதியின் சிலேட்டுக் கல். வெள்ளைக் கல் ஹியூகாக் கடற்கரையில் எடுத்த சிப்பி. அச்சிப்பியும் அருகிப் போய், மெக்ஸிகோவிலிருந்து வரவழைக்கிறார்கள். இத்தகைய பொருளை மலிவாக விற்பது எவராலும் ஆகாது.

ஆகவே எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்னும் விவேகமே இத்தொழிலின் உயிர்நாடி. மூலப்பொருளைக் குறைக்கலாம். சீனத்து யுன்னான் பிரதேசத்தில் தாதுப் பொடிகளை உருக்கிச் செய்யும் யுன்ஸிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்பென்று நாம் எண்ணியிருந்த கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் பச்சை நிறம் ஊடுருவித் தெரியும், விரலுக்குக் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்கும். சிப்பியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். ஆயினும் அதை ஏழ்மையின் அடையாளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அளவைக் குறைப்பதுதான் பெருங்குற்றம். ஜப்பானிய வழக்கில் கறுப்புக் கல்லின் குறுக்களவு 22.2 மில்லிமீட்டர், வெள்ளைக்கு 21.9, வெள்ளை நிறம் கண்ணுக்குச் சற்றே பெரிதாகத் தோன்றும் என்பதால், இரண்டும் சமமாகத் தெரிய வேண்டி அன்றைய தொழிலாளர் செய்து வைத்த சூட்சுமம் இது. மரத்தை மிச்சம் பிடிக்கக் கோடுகளை நெருக்கிவிட்டால், 22 மில்லிமீட்டர்க் கற்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ள, நூறு நகர்த்தலுக்குப் பின் எந்தக் கல் எந்தச் சந்தியில் இருந்தது என்பதே விளங்காமற் போகும். பெயரிலும் சத்தியம் வேண்டும்: 'ஷின்கயா', அதாவது புதுக்கயா, என்ற பெயரில் விற்பது கயாவே அன்று, ஸ்புரூஸ் மரம். அது நல்ல மரந்தான். அதை அதன் சொந்தப் பெயரிலேயே விற்கலாம்.

எடை வேறொரு தொல்லை. பத்தொன்பது கோடுப் பலகைக்கு வேண்டிய 361 கற்களும், கண்ணாடியில் செய்தாலும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிற்கும். பலகையையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் லாபமெல்லாம் கூலியிலேயே கரைந்துவிடும். ஒன்பது கோடுப் பலகைக்கோ 81 கற்களே அதிகம். ஆட்டமும் சில நிமிஷங்களில் முடிவதால், புதிதாகப் பழகுகிறவர் ஒரே மாலையில் பத்து முறை தோற்றுப் பத்து முறையும் ஏதேனும் கற்றுக்கொள்கிறார். அப்படிப் பழகியவர் பெரிய பலகையைத் தேடித் தாமே திரும்பி வருவார். முதல் நாளே பெரிய பலகையை வாங்கியவரோ, அதன் விஸ்தாரத்தைக் கண்டு மலைத்து, அதைப் பரண்மேல் ஏற்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கோ சாமான் வியாபாரத்தில் இறங்க நினைப்பவர்கள் கடையின் முன்வரிசையில் வைக்க வேண்டியது அந்த ஒன்பது கோடுப் பலகையையே என்பது என் திடமான அபிப்பிராயம்.