விடுமுறைக்கு வரும் பிள்ளைகள்



ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வெள்ளவத்தைக்கு வரும் பிள்ளைகளின் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறோம். அங்கே வைத்தியசாலையில், வங்கியில் தாய்க்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். பத்து வயதில் தாயின் நோயை டொக்டருக்கு விளக்குவது சின்னச் சுமையா?

அங்கும் எல்லோரும் அவர்களை ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நோர்வே சென்றவர் கம்ஷாயினி குணரத்தினம். 2011இல் பல்லினச் சமூகத்தை வெறுத்த ஒருவன் உத்தோயாத் தீவின் இளைஞர் முகாமில் 69 பேரைக் கொன்றபோது நீந்தித் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார்; 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். (எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை.)

வரும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கதையுங்கள். ஊரைவிட்டு ஏன் போனேன் என்பதைத் தாய் சொல்லாமலே விட்டிருக்கலாம். பெரியம்மா, சித்தி நீங்கள் சொல்லலாம்.