லீவைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். போன வாரம் வாட்ஸ்அப்பில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், லீவுல பிள்ளைங்கள எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்?" தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிலும் சேர்க்காதீர்கள்.

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் என்னிடம் படித்த காலத்தில் ஏப்ரலில் முழுப்பரீட்சை முடியும். ஜூனில் பள்ளி திறக்கும். நடுவில் இருந்த நாட்களில் நீங்கள் நாலாவதும் இல்லை, ஐந்தாவதும் இல்லை. எந்த வகுப்பிலும் இல்லாத பிள்ளைக்கு யார் வீட்டுப்பாடம் கொடுக்க முடியும்? 2023-லிருந்து நம் புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. பாடத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இப்போது ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. புதுப் புத்தகம், புது நோட்டு, நாலு வாரம் பாடம், அப்புறம்தான் லீவு. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் இருந்த லீவு இப்போது வகுப்புக்கு உள்ளேயே வந்துவிட்டது. கூடவே ப்ராஜெக்ட்டும் வந்துவிட்டது. அந்த சார்ட்டை யார் ஒட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாதான் ஒட்டுகிறாள்.

பள்ளிக்கூடம் எடுத்தது போக மிச்சம் இருப்பதை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸ்! ஜிப்மர் கிளை நம் ஊரிலேயே இருக்கிறது, என்.ஐ.டி. திருவேட்டக்குடியில் இருக்கிறது, என் பிள்ளை அங்கே போகக் கூடாதா என்று கேட்கிறீர்கள். போகட்டும், நன்றாகப் போகட்டும். பன்னிரண்டாவது பிள்ளை பரீட்சைக்குத் தயாராவதை நான் குறை சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையைச் சொல்கிறேன். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை ஏ.சி. அறையில் உட்கார்ந்து, டிக் அடிக்கப் பழகி வீட்டுக்கு வருகிறான். களைப்பாக இருக்கிறான் என்று நீங்களே போனைக் கையில் கொடுக்கிறீர்கள். சாயங்காலம் செபமாலைக்குக் கூப்பிட்டால், "டெஸ்ட் இருக்கு டீச்சர்" என்று பதில் அம்மாவிடமிருந்து வருகிறது. பிள்ளையிடமிருந்து அல்ல.

அடுத்தது தன்னம்பிக்கை முகாம். ஐந்து நாள், நாலாயிரம் ரூபாய், ஒரு டீ-ஷர்ட், ஒரு சான்றிதழ். மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினால் தன்னம்பிக்கை வந்துவிட்டதாம். அப்படி மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கிய ஒரு பையன், வயது பதின்மூன்று, எங்கள் தெருதான். அரைக் கிலோ தக்காளி வாங்கி வரச் சொன்னால் கடைக்காரரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறான். அவன் மேல் தப்பில்லை. அவனை யாரும் அதுவரை எதற்கும் அனுப்பியதே இல்லை.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுடன் இருந்ததில் நான் கண்டதைச் சொல்கிறேன். "நீ பெரிய ஆளா வருவே" என்று நூறு தடவை சொன்னாலும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வராது. தான் இல்லாவிட்டால் ஒரு வேலை நடக்காது என்று பிள்ளைக்குத் தெரியும்போது வரும். ஐம்பது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்ப் பானைக்குப் பொறுப்பு கொடுத்தால், வகுப்பிலேயே வாய் திறக்காத பெண்கூட மூன்றாம் நாள் அதிகாரம் பண்ணுவாள். (அதிகாரம் பண்ணியவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்!)

தொன் போஸ்கோவின் கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மறுபடி சொல்கிறேன். 1841 டிசம்பர் 8, தூரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஒரு கொத்து வேலைப் பையனைக் கோயில்பிள்ளை அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ அவனைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். அப்பா அம்மா இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும்தான் பையன் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார். உலகம் முழுக்க இருக்கிற சலேசியப் பள்ளிகளெல்லாம் அந்தச் சீட்டியில் ஆரம்பித்தவை. இன்று நாம் கோச்சிங் சென்டர் வாசலில் கேட்கும் முதல் கேள்வி எத்தனை மார்க் என்பது.

இப்போது நம் கோயில் பக்கம் வருகிறேன். பங்கில் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

விடுமுறை வேதாகமப் பள்ளி, விவிலிய முகாம், எந்தப் பெயரில் நடத்தினாலும் அது நல்ல காரியம். அது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1898-ல் நியூயார்க்கில், கோடை லீவில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து எலிசா ஹாவ்ஸ் என்ற அம்மையார் ஆரம்பித்தார். இடம் கிடைக்காமல் ஒரு பீர்க்கடை மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார். பாட்டு, விவிலியக் கதை, விளையாட்டு, கைவேலை, சமையல்கூட உண்டு. கேட்பாரற்ற பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. இன்று நம்மிடம் பத்து நாள் முகாம் எப்படி முடிகிறது? அதிக வசனம் ஒப்பித்தவருக்கு டிபன் பாக்ஸ், கடைசி நாள் ஆக்ஷன் சாங், முன் வரிசையில் பெற்றோர் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ. பதினொன்றாம் நாள் அந்த வசனம் எங்கே? டிபன் பாக்ஸ் மட்டும் இருக்கிறது.

அந்த முகாமில் உண்மையாக வளர்கிறவர்கள் வேறு ஆட்கள். பத்தாவது, பதினொன்றாவது முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற அண்ணன்களும் அக்காக்களும்தான். ரஸ்னா கலக்குவது, அழுகிற ஒன்றாம் வகுப்பைச் சமாதானம் பண்ணுவது, "கடவுளை யார் படைச்சா?" என்று ஒரு குட்டி கேட்டால் பதில் தெரியாமல் சிஸ்டரிடம் ஓடுவது. சொல்லிக்கொடுக்கும்போதுதான் விசுவாசம் அவர்களுக்கே சொந்தமாகிறது. இப்போது அந்த வயதுப் பிள்ளைகள்தான் கிடைப்பதில்லை. கோச்சிங்கில் இருக்கிறார்கள். சிஸ்டர்களும் என்னைப் போன்ற கிழவிகளும் ஆக்ஷன் சாங் ஆடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

விசுவாசத்தைப் பத்து நாள் குத்தகைக்கு விட முடியாது. மே மாதம் மாதா மாதம். தேற்றரவு மாதா நிழலில் வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் நம் லீவிலேயே வருகிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வீட்டில் ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்ல இருபது நிமிடம் ஆகும். ஒரு சீரியலைவிடக் குறைவு. அதைப் பிள்ளை தொடங்கி நடத்தட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை நடத்த, அறுபது வயதுத் தாத்தா பதில் சொல்லும் இடம் வேறெங்காவது இருக்கிறதா? நடுவில் எண்ணிக்கை தப்பும், சிரிப்பு வரும். வரட்டும். ஒவ்வொரு பத்து மணிக்கும் யாருக்காக என்று பிள்ளையே சொல்லட்டும். பக்கத்து வீட்டு ஆயாவின் கண் ஆபரேஷனுக்காக என்று அது சொன்னால், மறுநாள் காலையில் அந்த ஆயாவைப் போய்ப் பார்க்கவும் அனுப்புங்கள். வேண்டிக்கொண்டவரைப் போய்ப் பார்க்காத செபம் பாதி செபம்தான். முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது, மெழுகுவர்த்தி பிடிக்க ஒரு பிள்ளை கூட வரட்டும் என்று சாமியாரிடம் கேளுங்கள். படுக்கையில் கிடப்பவரைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இரக்கம் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒழுக்கமும் அப்படித்தான். ஒழுக்கத்துக்குத் தனி கிளாஸ் எதற்கு? இருநூறு ரூபாய் கொடுத்து நேரு மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள். மீதிச் சில்லறை சரியாக வருகிறதா, பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கியதைத் தானாகச் சொல்கிறதா, அதுதான் பாடம். சொன்னால் திட்டாதீர்கள், அது உங்களுக்கான பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று கடலோரத்தில் இருக்கும் என் மாணவர்களே, வருடத்தில் நீங்கள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது இந்த நாட்கள்தான், உங்கள் பிள்ளைக்கும் லீவு இப்போதுதான். வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். கடலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அப்பாவின் கைக்கு என்ன தெரியும் என்று பிள்ளை பார்க்கட்டும். தன் அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு எந்த முகாமும் தன்னம்பிக்கை தர முடியாது.

"டீச்சர், நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பிள்ளைய வீட்ல தனியா விட்டா போன்தான்" என்கிறீர்கள். இதுதான் நியாயமான கேள்வி, மற்றதெல்லாம் சாக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே விடவும் முடியாது. ஆனால் அன்பியம் எதற்கு இருக்கிறது? மாதம் ஒரு கூட்டமும் டீயும் மட்டும்தானா? ஒரு தெருவில் ஐந்து வீடு சேர்ந்தால், பகலில் ஆள் இருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். ரிடையர் ஆன தாத்தா ஒருவர், தையல் தெரிந்த அத்தை ஒருவர் இருப்பார்கள். கட்டணம் கட்டி அந்நியரிடம் விடும் நேரத்தில் பாதியைச் சொந்த மனிதர்களிடம் விடுங்கள்.

ஒரு நாள் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட முடியவில்லை. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அவர் லுத்தரன், நாம் கத்தோலிக்கர், அதனால் என்ன? கடற்கரை மணலில் பிள்ளையை ஒரு "அ" எழுதச் சொல்லிவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் தமிழ்நாட்டுப் புனிதர் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் ஒரு மே மாதத்தில்தான், 2022 மே 15. எடிசனைத் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்து, முஸ்லிம் மாணவர்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். செபமாலை இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டு விளக்கையும் தொழுகையையும் வைத்துப் படியுங்கள். தக்காளியும் சில்லறையும் எல்லோருக்கும் ஒன்றுதான். பிரான்சில் இருக்கும் சொந்தங்களே, உங்கள் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு. ஊருக்கு வரும்போது ஏ.சி. அறையில் அடைக்காமல் எங்களிடம் கொஞ்சம் விடுங்கள்.

மே 1 முதல் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்க, மன்றாட்டு சொந்தமாக எழுதப் பழக ஆசைப்படும் பிள்ளைகள் வரலாம். ஆறாவதுக்கு மேல் படிப்பவர்கள். பெற்றோர் வாசலோடு திரும்பிவிட வேண்டும். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, போன் கூடாது. தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் தனியாக நடந்து வரட்டும்.