மலை வீட்டில் சலவை யந்திரம்: துவைப்பதா கஷ்டம், உலர்த்துவதா?

சேர்வராயன் மலைக்காரர்களுக்கு மழை புதிது அல்ல. தென்மேற்குப் பருவமழையும் அவர்களை நனைக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் விடுவதில்லை. ஆனி, ஆடியில் தலைகாட்டும் சாரலும் மூடுபனியும் கார்த்திகை வரையில் விட்டு விட்டுத் தொடரும். ஏற்காடு வட்டாரத்தில் செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்களில் இந்த மாதங்களில் குடித்தனம் நடத்தும் பெண்களுக்கு ஒரு பெரும் கவலை உண்டு. துவைத்த துணி காய்வதில்லை! மூன்று நாள் கொடியில் தொங்கிய பிறகும் சேலை முந்தானையில் ஈரம் இருக்கும். பிள்ளைகளின் சட்டையில் முடை நாற்றம் ஏறியிருக்கும்.

இந்தக் கவலையைத் தீர்ப்பதற்கென்றே வந்தது போல ஒரு யந்திரம் இன்று கடைகளில் நிற்கிறது. அழுக்குத் துணியைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். துவைத்து, அலசி, பிழிந்து, சூடான காற்றில் உலர்த்தியும் கொடுத்துவிடும். துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று என இரண்டு யந்திரங்கள் வேண்டாம். ஒன்றின் இடமே போதும். சிறிய வீட்டுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் விலை அரை லட்சம் ரூபாயைத் தொடுகிறது. பல மாடல்கள் அதையும் தாண்டுகின்றன. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் யந்திரத்தின் குணத்தையும் வீட்டின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

உள்ளே நடப்பது என்ன?

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1950-களிலேயே அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி இத்தகைய இரட்டை வேலை யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஐரோப்பாவின் அடுக்குமாடி வீடுகளிலும் ஜப்பானின் சின்னஞ்சிறு வீடுகளிலும் இதற்கு இடம் கிடைத்தது. கொடி கட்ட முற்றமோ மொட்டை மாடியோ இல்லாத வீடுகள் அவை.

யந்திரத்தின் வயிற்றில் ஓர் உருளை சுழல்கிறது. துவைத்து முடிந்ததும் உருளை வேகமாகச் சுற்றித் துணியிலுள்ள தண்ணீரை வீசி எறிகிறது. அதன் பிறகு மின்சாரக் கம்பி சூடேறி, வெப்பக் காற்று துணியினூடே செல்கிறது. ஈரத்தை ஏற்றுக்கொண்ட அந்தக் காற்றைக் குளிர்வித்தால் ஆவி மறுபடியும் தண்ணீராகிச் சாக்கடைக் குழாய் வழியே வெளியேறிவிடும். ஆகவே புகைபோக்கி போலச் சுவரில் துளை போட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

இடமும் அதிகம் கேட்பதில்லை. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், அவ்வளவுதான். 2016-ல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. அத்தனை சிறிய வீட்டிலும் ஒரு மூலையில் இதை நிறுத்திவிடலாம். நிறுத்திய பின்தான் கேள்விகள் கிளம்புகின்றன.

எட்டுக் கிலோவும் ஐந்து கிலோவும்

யந்திரத்தின் மேல் பெரிதாக "8 கிலோ" என்று எழுதியிருக்கும். அது துவைக்கும் அளவு. உலர்த்தும் அளவு சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது 5 கிலோதான். காரணம் எளிது. துவைப்பதற்குத் துணி தண்ணீரில் புரண்டால் போதும். உலர்வதற்குத் துணி விரிய வேண்டும். காற்று இடையே புக வேண்டும். நெருக்கி அடைத்த துணி எந்தச் சூட்டிலும் காயாது.

இந்த உண்மையை ஏற்காட்டுப் பெண்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. காப்பிக் களத்தில் கொட்டையைக் குவியலாக விட்டால் பூசணம் பிடிக்கும். மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டால்தான் காயும். துணிக்கும் அதே விதி.

ஆகவே 8 கிலோ துவைத்தவர் மூன்று கிலோவை வெளியே எடுத்துக் கொடியில் போட வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே 5 கிலோ மட்டும் போட்டு, மீதியை அடுத்த தடவைக்கு ஒதுக்க வேண்டும். துவைத்து உலர்த்தி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். கனத்த பருத்தித் துணியானால் ஐந்தாறு மணி நேரம்கூடப் பிடிக்கும். அது வரையில் அடுத்த அழுக்கு மூட்டை காத்திருக்க வேண்டியதுதான். கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டில் இது ஒரு குறையாகத் தோன்றாது. தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று ஆறு பேர் உள்ள வீட்டில் யந்திரம் நாள் முழுவதும் ஓடினாலும் வேலை தீராது.

மின்சாரக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரம் வேண்டும். இது இயற்கையின் கணக்கு. எந்தக் கம்பெனியாலும் சாதாரண சூட்டுக் கம்பியைக் கொண்டு இதைக் குறைக்க முடியாது. நன்றாகப் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் எஞ்சியிருக்கும். அதை விரட்ட இரண்டு யூனிட். யந்திரமும் துணியும் சூடாவதில் வீணாவதையும் சேர்த்தால் மூன்று யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் உலர்த்தினால் இரண்டு மாதத்துக்கு 30 தடவை. 90 யூனிட் ஆகிறது. 2016 மே மாதத்தில் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 100 யூனிட்டை ஓர் அளவுகோலாக வைத்துப் பார்த்தால், விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓட வேண்டிய மின்சாரம் அனேகமாக முழுவதும் துணியின் ஈரத்துக்கே போய்விடுகிறது.

செலவைக் குறைக்க ஒரு வழி இல்லாமல் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தைத் திருப்பிப் பயன்படுத்தி, ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் 'ஹீட் பம்ப்' முறையை ஜப்பானியர்கள் 2005-ல் இத்தகைய யந்திரத்தில் புகுத்தினார்கள். மின்செலவு பாதியளவுக்குக் குறைகிறது. ஆனால் வாங்கும் விலை அந்த அளவுக்கு மேலே ஏறிவிடுகிறது.

மலையில் வேறொரு சங்கடமும் உண்டு. காற்றும் மழையும் கூடினால் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது சகஜம். துணி காயாத நாளும் மின்சாரம் இல்லாத நாளும் பெரும்பாலும் ஒரே நாள்! யந்திரம் எந்த நாளுக்காக வாங்கப்பட்டதோ, அந்த நாளில் அது வாய் மூடி நிற்கும்.

தண்ணீர்க் கணக்கு

உலர்த்துவதற்கும் தண்ணீர் செலவாகும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. ஈரக் காற்றைக் குளிர்விக்கப் பல மாடல்களில் பச்சைத் தண்ணீரே உள்ளே ஓடுகிறது. துவைக்க ஐம்பது, அறுபது லிட்டர் என்றால், உலர்த்தவும் பல லிட்டர் போகிறது. காற்றைக் கொண்டே குளிர்விக்கும் மாடல்களில் இந்தச் செலவு இல்லை. ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 220 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, மாட்டுக்கு வைக்க, எல்லாம் அதிலேதான். ஒரு தடவை துவைத்து உலர்த்துவதற்கு அதில் கால் பங்குக்கு மேல் போகுமானால் அந்த வீட்டுக்கு அது தாங்குமா? மேலும் இந்த யந்திரத்துக்குக் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வர வேண்டும். குடத்தில் கொண்டுவந்து ஊற்றி நடத்தும் சமாசாரம் அல்ல.

பழுது பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேலை செய்யும் யந்திரத்தில் ஒரு பாகம் கெட்டால் இரண்டு வேலையும் நின்றுபோகக்கூடும். சேலத்திலிருந்து மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து கிராமத்துக்கும் வர வேண்டும்.

ஆடம்பரம் என்று ஒதுக்கலாமா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "மலைக்கிராமத்துக்கு யந்திரம் என்ன கேடு, கல்லில் அடித்துத் துவைத்தால் போதாதா?" என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் துணி துவைக்கிறவர்களாக இருப்பதில்லை. காப்பித் தோட்டத்தில் நாள் முழுவதும் பழம் பறித்து, நனைந்த துணியோடு வீடு திரும்பும் பெண், குளிர்ந்த தண்ணீரில் மறுபடியும் கை வைக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டிலும் படுக்கையில் கிடக்கும் முதியவர் உள்ள வீட்டிலும் உலர்ந்த துணி ஓர் ஆரோக்கியப் பிரச்னை.

பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு அரசு வருஷத்துக்கு 4 ஜோடி சீருடை தரும் திட்டம் உண்டு. சமவெளியில் இரண்டு ஜோடி இருந்தாலே சமாளிக்கலாம். மலையில் மூன்று நாள் காயாவிட்டால் நாலு ஜோடியும் போதாது. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் கொடுத்தார்கள். கம்பளியோ எளிதில் காயாது. உலர்த்தும் யந்திரத்தில் போட்டால் சுருங்கியும் போகும்!

அரசியல் கட்சிகளும் இந்தக் கஷ்டத்தை அறியாதவை அல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வீட்டுக்கு ஒரு சலவை யந்திரம் இலவசம் என்று வாக்குறுதி கொடுத்தது. நாகப்பட்டினத்தில் அக்கட்சியின் வேட்பாளர் தெருவில் உட்கார்ந்து துணியைத் துவைத்துக் காட்டி ஓட்டுக் கேட்டார். ஏற்காடு தனித் தொகுதியில் அக்கட்சி வென்றது, மாநிலத்தில் தோற்றது. யந்திரம் வரவில்லை. வந்திருந்தாலும் அது துவைத்திருக்கும். மலையில் உலர்த்துவது யார் என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

எந்த வழி ஏற்றது?

விடை பிழிவதில் இருக்கிறது. கையால் முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேகமாகச் சுழலும் யந்திரம் அதைப் பாதியாக்கிவிடும். அதற்குச் சில நிமிஷங்களும் மிகச் சொற்ப மின்சாரமும் போதும். சூட்டினால் விரட்டும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கொட்ட வேண்டும். சுழற்சியால் விரட்டும் லிட்டர் ஏறக்குறைய இலவசம்.

ஆகவே தண்ணீரும் மின்சாரமும் அளவாக உள்ள சிறிய மலை வீட்டுக்கு, துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியும் உள்ள 'செமி ஆட்டோமேடிக்' யந்திரமே இன்றைக்குப் பொருத்தம். சுமார் பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. குடத்தால் தண்ணீர் ஊற்றலாம். ஒரு தடவை போட்ட சோப்புத் தண்ணீரில் அடுத்த துணியையும் துவைக்கலாம். பாதி ஈரம் போன துணிக்கு மழை படாத, காற்றோட்டமுள்ள கூரை ஒன்று இருந்தால் மீதி வேலையைக் காற்று செய்துவிடும். அடுப்புக்கு மேல் கொடி கட்டுவது புகை நாற்றத்துக்கும் தீ விபத்துக்கும் வழி.

அந்தக் கூரையை வீட்டுக்கு வீடு போட முடியாவிட்டால் ஊருக்குப் பொதுவாகப் போடலாமே! காப்பியையும் மிளகையும் காயவைக்க வெளிச்சம் புகும் தகட்டுக் கூரைப் பந்தல்கள் போடுவது விவசாயிகள் அறிந்த வழிதான். துணிக்கும் அப்படி ஒன்றைப் பஞ்சாயத்து கட்டிக் கொடுத்து, அதன் ஓரத்தில் ஓர் உலர்த்தும் யந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழு வைத்து, தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால், ஒரு வீடு தாங்காத செலவை இருபது வீடு தாங்கும். வீட்டுக்கு ஒரு யந்திரம் என்ற வாக்குறுதியைவிட இது மலைக்குப் பயன்படும்.

இரட்டை வேலை யந்திரம் யாருக்கும் ஆகாது என்பதில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடியில், குழாயில் ஓயாமல் தண்ணீர் வரும் வீட்டில், வேலைக்குப் போகும் இருவருக்கு அது நல்ல துணை. ஏற்காட்டிலேயே தினமும் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டிய தங்கும் விடுதிக்காரருக்கும் உலர்த்த ஒரு யந்திரம் தேவை. ஆனால் அவருக்குத் தனி உலர்த்தியே மேல். ஒன்று துவைக்கும்போதே மற்றொன்று உலர்த்தும்.

வாங்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் கடையில் நாலு விஷயங்களை அவசியம் கேட்க வேண்டும். உலர்த்தும் அளவு எத்தனை கிலோ? துவைத்து உலர்த்த மொத்தம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர்? பிழியும் வேகம் என்ன? பழுது பார்க்க ஊருக்கு ஆள் வருவாரா? ஐரோப்பிய நாடுகளில் 2021 மார்ச் முதல் துவைப்பதற்கு மட்டும் ஆகும் மின்செலவையும், துவைத்து உலர்த்த ஆகும் மின்செலவையும் யந்திரத்தின் மேலேயே தனித்தனியாக எழுதி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்க் கடைக்காரர்களும் அதைக் கேட்டவுடன் சொல்லும் நிலை வர வேண்டும்.

விரலுக்கு ஏற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். செம்மநத்தத்துச் சிறு வீட்டுக்கு இன்றைய தேவை நல்ல பிழிவும், நனையாத ஒரு கூரையும்.