அப்பாவின் கூகுள் காணாமல் போன கதை

அம்மா ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் காலை எட்டரைக்கே போன். "அப்பா யார்கிட்டயோ பேங்க் விஷயம் பேசிட்டிருந்தார்டா. மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்கன்னான். நான் போனைப் புடுங்கி கட் பண்ணிட்டேன். நீ என்னன்னு கேளு."

நான் இருப்பது புனேயில், அவர்கள் மயிலாடுதுறையில். நினைத்தவுடன் போய் நிற்க முடியாது.

நடந்தது இதுதான். ஏ.டி.எம். கார்டு வேலை செய்யவில்லை என்று வங்கியின் டோல் ஃப்ரீ நம்பரை கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். எடுத்தவன் சுத்தமான தமிழில் "சார், சார்" என்று குழைந்து, கார்டு விவரம் வாங்கி, ஓ.டி.பி. வரைக்கும் வந்துவிட்டான். நல்லவேளை, காசு போகவில்லை. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பரைக் கூப்பிட்டு உடனே பிளாக் செய்தோம். (போயிருந்தால் 1930-க்கு அடித்திருக்க வேண்டும். எல்லோரும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம்தான் தெரிந்தது, அவர் தேடியது கூகுளிலேயே இல்லை. மூணு வாரமாக குரோமைத் திறந்தால் வேறு ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறதாம். எதைத் தேடினாலும் மேலே ஏழெட்டு விளம்பரம். கூகுளிலும் போலி நம்பர் வரத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பக்கத்தில் போலிதான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

"ஏம்ப்பா மூணு வாரமா சொல்லலை?" பதில் இல்லை. அம்மாதான் சொன்னார்கள்: "நீ திட்டுவேன்னுதான்."

சுருக்கென்றது. போன வருஷம் இதே மாதிரி ஏதோ ஒன்று வந்தபோது "எதையாவது போய் க்ளிக் பண்றதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்று கத்தினேன். தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கத்தியது இருபது வருஷமாகப் பொட்டி தட்டும் மகன். அப்புறம் எங்கே சொல்வார்?

நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன். "பெருசுகளுக்கு ஒண்ணும் தெரியலை" என்பது நமக்கு ரொம்ப சௌகரியமான முடிவு. எனக்கு இப்போது அதில் உடன்பாடு இல்லை. 2014 கடைசியில் லெனோவோ லேப்டாப் வாங்கியவர்கள் எதை க்ளிக் செய்தார்கள்? சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தது. அது போட்டிருந்த சான்றிதழின் சாவி எல்லா மெஷினிலும் ஒன்றே என்பதால், பூட்டுப் படம் போட்ட வங்கிப் பக்கத்தைக்கூட மற்றவர்கள் ஒட்டுக் கேட்க வழி இருந்தது. 2015-இல் அது வெளியே வந்து நாறியது. ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் பல வருஷம் வந்ததே, அந்தக் கட்டத்தில் டிக் போட்டு வைத்தது பயனாளியா? 2017-இல் ஃபயர்பால் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த செக் பாயின்ட் நிறுவனம் உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர், அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 2.5 கோடி என்று கணக்கு சொன்னது. மிகைக் கணக்கு என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியே என்று வைத்துக்கொண்டாலும் அத்தனை பேரும் முட்டாள்களா என்ன?

இது குறும்புக்காரப் பையன் எழுதிவிடும் வைரஸ் இல்லை, வியாபாரம். நீங்கள் தேடும் ஒவ்வொரு தேடலையும் தன் பக்கம் திருப்பினால் விளம்பரக் காசில் பங்கு. அதை உங்கள் மெஷினில் ஏற்றிவிட்டவனுக்கு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். இலவச மென்பொருளோடு இதையும் பொட்டலம் கட்டி, "எக்ஸ்பிரஸ்" என்று பெரிய பச்சைப் பட்டன் வைத்து, "கஸ்டம்" என்பதை சாம்பல் நிறத்தில் பொடியாக எழுதுபவனுக்கு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டும் கை வயசானதா சின்னதா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பெரிய டவுன்லோட் தளத்தில் நானே 2013-இல் மாட்டியிருக்கிறேன். தங்கமணிக்கு இன்னும் தெரியாது.

சரி, கழற்றிய கதை. யார் கேட்டாலும் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கவிடாதீர்கள் என்று நானே சொல்லி வைத்திருந்ததால், வாட்ஸப் வீடியோ காலிலேயே செய்தோம். பாதி நேரம் ஃபேனும் அப்பாவின் காதும்தான் தெரிந்தன.

முதலில் மென்பொருள் பட்டியலை தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். மூணு வாரத்துக்கு முந்தைய ஒரே நாளில் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீக்கினோம். குரோமில் அறியாத எக்ஸ்டென்ஷன் ஒன்று, ஆனால் நீக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. "எந்த நிறுவனம்? நான் ரிட்டயர் ஆகி 11 வருஷம் ஆச்சே" என்றார் அப்பா. இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். அலுவலகங்களுக்காக வைத்த பாலிசி வசதியைத் திருடன் பயன்படுத்திக்கொள்கிறான். ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ், கூகுள், குரோம் என்று போய், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அவர் வருகைப் பதிவேடு மாதிரி ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அழித்தோம். ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே அந்த வரி நிஜம்.

டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகானின் டார்கெட் வரியிலும் அந்தத் தளத்தின் முகவரியை ஒட்டி வைத்திருந்தான். அந்த ஐகானைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒன்று. நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருந்த நாலு தளங்களையும் விரட்டிவிட்டு குரோமை ரீசெட் செய்தோம். மால்வேர்பைட்ஸின் அட்வ்க்ளீனரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஒரு ஓட்டம். குரோமிலேயே இருந்த க்ளீனப் கருவியை 2023-இல் எடுத்துவிட்டார்கள், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பாஸ்வேர்டுகளை அம்மாவின் போனிலிருந்து மாற்றினோம். மொத்தம் இரண்டரை மணி நேரம். நான் ஒருமுறைகூடக் கத்தவில்லை, அம்மா சாட்சி.

கடைசியில் கேட்டேன், அன்றைக்கு எதை இறக்கினீங்கப்பா? கோயில் கும்பாபிஷேக நோட்டீஸைத் தமிழில் அடிக்க ஒரு டைப்பிங் மென்பொருளாம். செய்தவர்களின் தளத்துக்குப் போகாமல் நடுவில் இருந்த எவனிடமோ வாங்கியிருக்கிறார். விண்டோஸ் 10-இல் 2019-இலிருந்தே தமிழ் ஒலிப்புமுறை கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதை நான் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம்தான், ஆனால் கேட்டால் நான் எப்படிப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி, ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவரே கூப்பிட்டார். "தம்பி, ஒரு பக்கம் அலோ குடு, ரோபோ இல்லைன்னு நிரூபின்னுச்சு. பிளாக் குடுத்துட்டு மூடிட்டேன். சரிதானே?"

"சரிதான்ப்பா" என்றேன். நோட்டீஸ் வேலை பாதியில் இருக்கிறதாம், போனை வைத்துவிட்டார்.