பெண்களும் தேக பலமும்

ஒரு வாலிபப் பெண் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். தேகப்பயிற்சிச் சாலைக்குச் சென்று எடை தூக்கிப் பழக வேண்டுமென்பது அவர் ஆசை. வீட்டுப் பெரியவர்களோ, பெண் எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றும், தோள் தடித்து ஆண் மாதிரி ஆகிவிடுவாள் என்றும், பிறகு அவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்றும் தடை சொல்லுகின்றார்களாம். அதே வீட்டில் அவர் தம்பி தினந்தோறும் மாலையில் அதே சாலைக்குப் போய் வருகின்றான். அவனுக்கென்று பாலும் முட்டையும் தனியே எடுத்து வைக்கப்படுகின்றன. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தில், பெண்ணுரிமை பேசும் அவர் தோழிகளில் சிலர், தேகப்பயிற்சி என்பதெல்லாம் ஆண்களின் கண்ணுக்கு அழகாயிருப்பதற்காகப் பெண்கள் படும் பாடுதானே, சுதந்தரம் வேண்டுகின்ற பெண்ணுக்கு இது எதற்கு என்று பரிகசிக்கின்றார்களாம். இவ்விரண்டில் எது சரி என்பது அவர் கேள்வி.

இரண்டும் சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான தவறுகளல்ல. முதலாவது, பெண்ணை அடக்கி வைப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட புரட்டு. இரண்டாவது, நியாயமான ஒரு கோபம் தப்பான இடத்தில் போய் விழுந்தது. ஆகையால் இரண்டையும் தனித்தனியே விசாரிப்போம்.

முதலில் கர்ப்பப்பை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கட்டட வேலையில் சாந்துச் சட்டியையும் செங்கல்லையும் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுகின்றவள் யார்? பெண். காலை முதல் மாலை வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடுகின்றவள் யார்? பெண். தெருக்குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தை, பத்துப் பதினைந்து கிலோ எடையை, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கின்றவளும் பெண்தான். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே கூலிக்குப் போகும் இவளைப் பார்த்து, "அம்மா, பாரம் தூக்காதே, உன் கர்ப்பப்பை என்னாவது?" என்று எந்தப் பெரியவராவது கேட்டதுண்டா? கர்ப்பப்பை இறங்குவதற்கு முக்கியமான காரணம் பிரசவத்தால் அடிவயிற்றுத் தசைகளும் அவற்றைத் தாங்கும் கட்டுகளும் தளர்ந்து போவதென்று வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதும், பெற்ற பின் ஓய்வில்லாமல் பாரம் சுமப்பதும் அதை அதிகமாக்கும். அப்படியிருக்க, உண்மையில் ஆபத்துள்ள இடத்தில் வாய் மூடியிருப்பவர்கள், தெரிந்தவர் மேற்பார்வையில் அளவறிந்து படிப்படியாகப் பழகப் போகின்ற பெண்ணிடம் மாத்திரம் வைத்தியம் பேசுவானேன்? பிறருக்காகச் சுமந்தால் அது கடமை, தனக்காகத் தூக்கினால் அது ஆபத்து என்பதுதானே இதன் அர்த்தம்! ஆகவே இவர்கள் பயப்படுவது பாரத்துக்கல்ல, பெண் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ளுவதற்கே என்பது விளங்கவில்லையா?

தோள் தடித்துவிடும் என்பதும் இப்படிப்பட்டதே. ஆணுக்குத் தசை பெருப்பதற்கு உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு பெண் தேகத்தில் மிகவும் குறைவு. ஆதலால் வாரத்தில் சில நாள் எடை தூக்குகின்ற பெண்ணுக்குப் பலம் கூடுமேயொழிய, ஒரே மாதத்தில் பயில்வான் தோள் முளைத்துவிடாது. அப்படித் தடித்தால்தான் என்ன? தோள் அவளுடையது. அன்றியும், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் கெட்டித்தன்மை வேகமாய்க் குறைந்து, சிறிது தடுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிகின்ற நிலைமை ஏற்படுகின்றது. இதைத் தடுக்க உதவுபவைகளில் எடைப் பயிற்சியும் ஒன்று. வாலிபத்தில் பெண்ணைத் தடுத்துவிட்டு, கிழவியான பிறகு கட்டிலில் போட்டுக்கொண்டு அழுவது என்ன புத்தி?

நிற்க, பெண்ணுக்கு எதையெல்லாம் மறுக்க வேண்டுமோ அதற்கெல்லாம் வைத்தியத்தின் பெயரால் ஒரு காரணம் கற்பிப்பது நம் நாட்டுப் பழக்கம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்னும் வைத்தியர், பெண்கள் ஆண்களைப் போல் படித்தால் பிள்ளை பெறும் சக்தி கெட்டுப்போகும் என்று 1873ல் ஒரு புத்தகமே எழுதினார். மேரி புட்னம் ஜேக்கோபி என்ற பெண் வைத்தியர், பெண்களையே விசாரித்துக் கணக்கெடுத்து, மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் வேலையற்றுக் கிடக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை என்று 1876ல் காட்டினார். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு அதில் ஜெயித்தார். ஓடி முடித்த சிலர் களைத்துத் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதவே, அந்த ஓட்டம் பெண்களுக்கு ஆகாதென்று எடுக்கப்பட்டு, மறுபடி 1960ல்தான் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஓடிக் களைத்து விழுந்தால் அது வீரம். பெண்கள் விழுந்தால் அது பலவீனம்! 1967ல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டி அதிகாரி ஒருவர் அவர் மேல் பாய்ந்து இலக்கச் சீட்டைப் பிடுங்கப் பார்த்தார். அவர் ஓடியே முடித்தார். 1972ல்தான் அங்கே பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டார்கள். இவ்வளவு தூரம் ஓடினால் பெண் என்ன ஆவாளோ என்று சொல்லப்பட்ட அந்த மாரத்தான் 1984ல் ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு வைக்கப்பட்டது. பெண்குலம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

எடை தூக்கும் விஷயத்தையே பார்த்தாலும், 1896ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு வைக்கப்பட்ட அப்போட்டி, பெண்களுக்கு 2000த்தில் சிட்னியில்தான் வைக்கப்பட்டது. 104 வருஷம் கதவு சாத்தியிருந்தது. கதவு திறந்த அந்த முதல் தடவையிலேயே ஆந்திராவைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021ல் டோக்கியோவில் மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். பெண் பலவீனமானவள் என்று பிரசங்கம் செய்கின்ற ஆண்களில் எத்தனை பேர் அதில் பாதியைத் தரையிலிருந்து கிளப்புவார்கள் என்று கேட்கின்றோம்.

பெண் பலவீனமாயிருந்தால் அவளைப் பலவீனமென்று தள்ளுவது. பலமாயிருந்தாலோ, இவள் பெண்தானா என்று சோதிப்பது! நமது புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தோழர் சாந்தி சௌந்தரராஜன் 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாய் வந்தார். பால் சோதனை என்ற பெயரால் அவர் பதக்கம் பிடுங்கப்பட்டு, அந்தரங்கம் உலகமெல்லாம் சந்தி சிரிக்கப் பரப்பப்பட்டது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் ஓடிச் சம்பாதித்த மானத்தை ஒரே நாளில் பறித்தார்கள். பெண்ணின் தேகத்துக்கு எல்லை வகுக்கும் உரிமை எப்பொழுதும் பிறர் கையிலேயே இருப்பதன் பலன் இது.

இனி இரண்டாவது ஆட்சேபணைக்கு வருவோம். அந்தத் தோழிகளின் கோபத்திற்குக் காரணமில்லாமலில்லை. கலியாணத்திற்குள் பத்துக் கிலோ குறைக்கலாம், இடுப்பு இத்தனை அங்குலமாகலாம் என்று செய்யப்படும் விளம்பரங்களைப் பார்க்கின்றோம். முன்பு நகையைக் காட்டிப் பெண்ணைப் பொம்மையாக்கினவர்கள் இப்பொழுது தராசைக் காட்டிப் பொம்மையாக்குகின்றார்கள். பட்டினி கிடந்து இளைப்பதற்குத் தேகப்பயிற்சி என்று பேர் வைப்பது பித்தலாட்டமே. ஆனால் வியாபாரிகள் ஒரு நல்ல பொருளைக் கெடுத்து விற்கின்றார்கள் என்பதற்காக அந்தப் பொருளையே வேண்டாமென்று சொல்லலாமா? கலப்படப் பாலுக்குப் பயந்து குழந்தைக்குப் பாலே கொடுக்காமலிருப்போமா? பயிற்சிக்குப் போகும் பெண்ணை, "எவ்வளவு இளைத்தாய்?" என்று கேட்டால் அது அடிமைக் கேள்வி. "எவ்வளவு தூக்கினாய்? எவ்வளவு தூரம் மூச்சு வாங்காமல் நடந்தாய்?" என்று கேட்டால் அது சுதந்தரக் கேள்வி. முதல் கேள்வி அவளைப் பிறர் பார்க்கும் பண்டமாக்குகின்றது. இரண்டாவது அவளைக் காரியம் செய்யும் மனிதப் பிறவியாக்குகின்றது.

பெண்ணுரிமைக்குப் போராடினவர்கள் தேக பலத்தை அலட்சியம் செய்யவுமில்லை. இங்கிலாந்தில் ஓட்டுரிமை கேட்ட பெண்களைப் போலீசார் அடித்து இழுத்தபோது, தங்கள் தலைவர்களைக் காப்பதற்காக அவர்கள் 1913ல் ஒரு பெண்கள் காவல் படையே சேர்த்தார்கள். எடித் காரட் என்னும் பெண்மணி அவர்களுக்கு ஜுஜுட்சு என்ற ஜப்பானிய மற்போர் கற்றுக்கொடுத்தார். நம் நாட்டிலும், புதுக்கோட்டையில் 1991, 1992ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதுவரையில் பஸ்ஸுக்கும், ஆண் துணைக்கும் காத்துக்கிடந்தவர்கள் தாங்களே சந்தைக்கும் வேலைக்கும் மிதித்துப் போனார்கள். கேலி செய்தவர்கள் கேலி செய்து ஓய்ந்தார்கள்; பெண்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

இதனால் பலமுள்ள பெண்ணுக்குத்தான் உரிமை என்று நாம் சொல்லுவதாக யாரும் கருதிவிடக் கூடாது. நோஞ்சான் ஆணுக்கு ஓட்டும் சொத்தும் இல்லையென்று யாராவது சொல்லுகின்றார்களா? நோயாளியானாலும், ஊனமுற்றவரானாலும், வயதானவரானாலும் மனிதருக்குரிய உரிமை மனிதராயிருப்பதாலேயே உண்டு. அது போலவே, தெருவில் பெண் மேல் கை வைக்கும் அயோக்கியனுக்குத் தண்டனை வேண்டுமேயல்லாமல், நீ ஏன் குத்துச்சண்டை பழகவில்லையென்று அவளைக் கேட்பது அக்கிரமமாகும். பெண் பலம் பெற வேண்டுவது தன்னைச் சமமென்று நிரூபிப்பதற்காக அல்ல. நோயின்றி வாழவும், நினைத்த இடத்திற்குப் போகவும், தன் தேகம் தன்னுடையதே என்று உணரவுமே வேண்டும்.

பெண்கள்தான் வீட்டில் ஓயாமல் வேலை செய்கின்றார்களே, அதுவே போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019ல் எடுக்கப்பட்ட சர்க்கார் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கின்றவர்களில், பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவழிக்கின்றார்கள். அப்படியிருந்தும், 2022ஆம் வருஷக் கணக்கில், ஆரோக்கியத்திற்குப் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் என்று தெரிகின்றது. அடுப்பண்டை நின்ற இடத்தில் நிற்பது தேகத்தைக் களைக்கச் செய்யுமேயன்றிப் பலப்படுத்தாது. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுவது வாரத்திற்கு 150 நிமிஷமாவது வேக நடை போன்ற உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சியுமாகும். நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரத்தைச் சமையலறை விழுங்கிவிட்டால் இதற்கு நேரம் எங்கேயிருந்து வரும்? சாப்பாட்டு விஷயமோ இன்னும் மோசம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 சதவீதமே. எல்லோரும் தின்றது போக மிச்சத்தைக் கடைசியில் தின்பதைப் பதிவிரதா தர்மமென்று கற்பித்ததற்கும் இதில் பங்கு உண்டு. இரத்தமில்லாத தேகத்தில் எடையைத் தூக்கு என்றால் எப்படித் தூக்குவாள்?

ஆதலால் தோழர்களே! பெண்களைப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று புத்தி சொல்லிவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. ஆண்கள் வீட்டு வேலையில் சரிபாதியை ஏற்றுக்கொண்டால் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் தானாகக் கிடைக்கும். மகனுக்கு வைக்கின்ற முட்டையை மகளுக்கும் வைப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. பெண் வயதுக்கு வந்துவிட்டாளென்று பள்ளிக்கூட விளையாட்டிலிருந்து நிறுத்துகின்ற வழக்கத்தை ஒவ்வொரு தகப்பனும் தன் வீட்டில் இன்றே ஒழிக்கலாம். ஊர்ப் பொது மைதானம் வாலிபப் பையன்களின் சொத்து அல்ல. பெண்களுக்கும் அதில் நேரமும், பக்கத்தில் கழிப்பிடமும், விளக்கும் வேண்டுமென்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். கால்சட்டை போட்டு ஓடுகின்ற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கின்றவனை அங்கேயே கண்டிக்கலாம்.

இவைகளில் ஒன்றையும் செய்யாமல் மேடையில் பெண் விடுதலை பேசுகின்றவர்களை நாம் நம்புவதற்கில்லை. தன் வீட்டுப் பெண் ஓடுவதற்குத் தடையாயிருக்கின்றவன், உலகத்துப் பெண்களெல்லாம் முன்னேற வேண்டுமென்று பேசுவது வெறும் வேஷமேயாகும்.