கரையை வெட்டாதீங்க!



மழை விட்டதும் செல்போனைத் தரையோடு தரையாய்ப் பிடித்து, தேங்கிய தண்ணீரில் தெரியும் கட்டிடத்தைப் படம் எடுப்பது இப்போ எல்லாருக்கும் பிடித்துப்போச்சு. நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில் தண்ணீருக்குள் தலைகீழாய் நிற்கும் படம் நம்மில் பல பேரிடம் இருக்கும். "இதெல்லாம் வெறும் வித்தை, நேரா நின்னு எடுத்தா என்னவாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். இது வித்தை இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நாம் நேர்மையாய் இருக்கணும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் வித்தை இல்லை? 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த விமானம் சுமார் 216 அடி உயரம். 300 அடி தள்ளி நின்று தண்ணீரில் அதன் பிம்பத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கண் 5 அடி உயரத்தில் இருந்தால், உச்சி முதல் கீழே 10 அடி வரை தெரிய, 7-வது அடியிலிருந்து 100-வது அடி வரை தண்ணீர் கிடக்கணும். குளமே வேண்டும்! அதே கேமராவை 3 அங்குல உயரத்துக்கு இறக்குங்க. முன்னால் ஏழரை அடிக்குள் கிடக்கும் தண்ணீரே போதும். எல்லாம் நாம் படிக்கிற வடிவொத்த முக்கோணம்தான், போட்டுப் பாருங்க. இன்னொன்று, மேலே நின்று குனிந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் தரைதான் தெரியும். சாய்வாய்ப் பார்த்தால்தான் தண்ணீர் கண்ணாடி ஆகும்.

கோபுர நிழல் தரையில் விழாது என்பது கட்டுக்கதை. வெயிலில் நிழலும் விழும், மழையில் பிம்பமும் விழும். நேராய் எடுத்த கோயில் படம் எல்லா வீட்டுக் காலண்டரிலும் இருக்கு. தண்ணீரில் எடுத்த படம் அந்த ஒரு மழைக்கு மட்டுமே சொந்தம். மறுநாள் போனால் கிடைக்காது.

சரி, நேர்மை எங்கே வருது? கரையில்! படத்தை வெட்டும்போது தண்ணீரின் ஓரத்தையும் சேற்றையும் முதலில் தூக்கிவிடுகிறோம். சிலர் கம்ப்யூட்டரிலேயே பொய்த் தண்ணீர் செய்துவிடுகிறார்கள். கரை போய்விட்டால் அது குழியா, ஏரியா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

"சேறு தெரிந்தால் படம் அசிங்கமாகிடாதா?" என்று கேட்கலாம். 1932-ல் பாரிஸ் நகரில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிப்பதை ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படம் எடுத்தார். இடையில் மறைத்த வேலிப் பலகையை வெட்டினார். தண்ணீரில் கிடந்த ஏணியையும் உடைசல்களையும் அப்படியே விட்டார். உலகமே இன்றும் அந்தப் படத்தைப் பேசுகிறது.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் நம் பள்ளிக் கட்டிடத்தின் மழைப் படத்தைப் பார்த்திருப்பீங்க. ஏரிக்கரை அரண்மனை மாதிரி இருக்கு! அந்த 'ஏரி' எது தெரியுமா? சத்துணவுக் கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கும் பள்ளம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டுகிற இடம். எடுத்த அண்ணா அழகாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் படத்தில் செங்கல்லும் இல்லை, தட்டும் இல்லை. அதைப் பார்த்து "ஆகா!" என்கிறவர்கள் யாரும் பள்ளத்தை மூடச் சொல்ல மாட்டாங்க. அந்தச் செங்கல்லும் சேர்ந்து இருந்தால், படம் அழகாகவும் இருக்கும், கேள்வியும் கேட்கும்.

அதனால் ஆண்டு விழாப் படக் கண்காட்சிக்கு என் வேண்டுகோள் இரண்டு. தண்ணீர்ப் படம் என்றால் ஒரு பக்கமாவது கரை தெரியணும். தலைகீழ்ப் பிம்பத்தைத் திருப்பி நிமிர்த்தி மாட்டக் கூடாது. தலைமை ஆசிரியருக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த மழைக்குள் அந்தப் பள்ளத்தில் இரண்டு வண்டி மண் கொட்டச் சொல்லுங்கள் ஐயா.

"பள்ளத்தை மூடிட்டா அப்புறம் எங்கே போய்ப் படம் எடுக்கிறது?" என்கிறீர்களா? மைதானம் இருக்கு, மழையும் வரும். தம்பி தங்கைகள் கால் நனையாமல் சாப்பிடப் போகட்டும்.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் எழுதிச் சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்க. அடுத்த இதழில் பேசுவோம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி