கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுங்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும், பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களும் கடைசி வரை படியுங்கள்.

காரின் ஐடிலிங் ஏறி நிற்கிறது என்று பட்டறையில் விட்டால், காரணத்தைத் தேடாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, பாகம் விற்பது. இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் பட்டறைக்காரரைவிடக் கார் வைத்திருப்பவருக்குத்தான் பெரிய பங்கு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பேசுவது கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்த காலத்துக் கார்களைப் பற்றி. 1999-இல் டெல்லிப் பகுதிக்கு யூரோ புகை விதிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய பிறகு அந்த மாற்றம் வேகம் பிடித்தது. அந்தக் காலத்து மாருதியும் சான்ட்ரோவும் தஞ்சாவூர்த் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன. இவற்றில் ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். என்ஜின் சூடான பிறகு பொதுவாக 700 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிற்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1200, 1500 என்று காட்டிவிட்டுச் சில நிமிடத்தில் இறங்கினால் அது கோளாறு இல்லை. ஏசி போட்டதும் சற்று ஏறினாலும் கோளாறு இல்லை. நன்றாகச் சூடான பிறகும் இறங்காமல் ஏறியே நின்றால்தான் தேட வேண்டும்.

எதைத் தேடுவது? பெட்ரோல் என்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. காலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை என்றால், எங்கோ ஒரு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் அழுத்தம் கூடும். டிரைவர்தான் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அதற்கேற்ற பெட்ரோலையும் அது கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைப் போய் "ஈசிஎம் போச்சு" என்கிறார்கள்.

நம் விவசாயியைப் பாருங்கள். வயலில் கட்டிய தண்ணீர் விடிவதற்குள் வற்றியிருந்தால் அவர் மோட்டாரை மாற்றுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி நடப்பார். நண்டு வளையோ எலி வளையோ இருக்கும். ஒரு கூடை களிமண்ணில் வேலை முடிந்துவிடும். இந்தப் புத்தி காரின் பானட்டைத் திறந்ததும் நமக்கு எங்கே போகிறது? எலி என்றதும் இன்னொன்று. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானால் எலி வீட்டுப் பக்கம் வரும். நிற்கும் காரின் பானட்டுக்கு அடியில் கதகதப்பாகக் குடியிருந்துகொண்டு ரப்பர் ஹோஸையும் ஒயரையும் கடிக்கும். டெல்டாவில் கார் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பட்டறைகளில் நடக்கும் மூன்று காரியங்களைக் கண்டிக்கிறேன்.

ஒன்று, ஸ்க்ரூவைத் திருகுவது. த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஐடிலிங் விழுகிறது. ஒருவர் சுத்தம் செய்யாமல் ஸ்டாப் ஸ்க்ரூவை ஏற்றிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் சுத்தம் செய்கிறார். இப்போது ஐடிலிங் வானத்தில் நிற்கிறது! அது கம்பெனியில் அளந்து வைத்த ஸ்க்ரூ. அதைத் தொட்டால், த்ராட்டில் மூடியிருக்கிறதா இல்லையா என்பதே கம்ப்யூட்டருக்குக் குழம்பிப்போகும்.

இரண்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்கிறார்கள். நம் ஊர் வெயில் 40 டிகிரி. அந்த வால்வு பல கார்களில் திறப்பதே 82 டிகிரி வாக்கில். அதை எடுத்துவிட்டால் என்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். நெடுஞ்சாலைக் காற்றில் கூலன்ட் மறுபடி குளிர்ந்தும் போகும். என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஐடிலிங்கை ஏற்றி, பெட்ரோலையும் கூடக் கொடுக்கும். வால்வு பழுது என்றால் புது வால்வு போடுங்கள். காலி இடம் விடாதீர்கள்.

மூன்று, ஸ்கேனரைச் சாமியாக்குவது. இந்தியாவில் பிஎஸ் 4 கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயமானதே 2013-இல்தான். அதற்கு முந்திய கார்கள் பலவற்றோடு இன்றைய பொது ஸ்கேனர் பேசவே பேசாது. பேசினாலும் கிழிந்த ஹோஸை அது காட்டாது.

சரியான வரிசை என்ன? செலவில்லாதது முதலில். ஆக்சிலேட்டர் கேபிள் தளர்வாக இருக்கிறதா, கால்மிதி பெடலை அழுத்துகிறதா என்று பார். ரேடியேட்டரில் கூலன்ட் நிறைந்திருக்கிறதா பார், என்ஜின் ஆறிய பிறகு. கூலன்ட் குறைந்தால் வெப்ப சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு தப்பான கணக்குச் சொல்லும். அடுத்து, என்ஜின் ஓடும்போது வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நோஸ் பிளையரால் மெல்ல அமுக்கு. எதை அமுக்கும்போது ஆர்பிஎம் இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று வருகிறது. மேனிஃபோல்ட் இணைப்புகளில் தண்ணீர் தெளித்துப் பார். சூடான என்ஜின்மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தீயோடு விளையாட வேண்டாம். பிறகு ஐடில் வால்வின் காற்று வழியை அடைத்துப் பார். வேகம் இறங்கினால் வால்வைச் சுத்தம் செய், அதன் ஒயரைச் சோதி. கடைசியாக மல்டிமீட்டரை எடு. என்ஜின் சூடாக ஆக வெப்ப சென்சாரின் மின்தடை குறைய வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு பாகம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

நம் உறவில் ஒருவருடைய காருக்கு ஐடில் வால்வு மாற்றினார்கள், இரண்டு சென்சார் மாற்றினார்கள். பிறகு ஈசிஎம் மாற்ற வேண்டும், அல்லது காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். கடைசியில் வேறொரு பையன் பிளையரோடு குனிந்து பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு. நினைத்துப் பாருங்கள். அந்த ஹோஸ் முழுதாகப் போயிருந்தால் பிரேக் கல்லாகிவிடும். காலை எடுத்தாலும் முன்னால் இழுக்கிற கார், மிதித்தாலும் எளிதில் பிடிக்காத பிரேக், எதிரே கீழவாசல் கூட்டம். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை மட்டும் இறக்கியிருந்தால் இந்த ஆபத்து மறைந்தே இருந்திருக்கும். நீங்களே ஒரு சோதனை செய்யலாம். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரை வெளியே எடுக்காதீர்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் ஹோஸுக்கும் கூலிக்கும் சேர்த்து 600 ரூபாய் கேட்டான். "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று நம்மவர் பேரம் பேசினார். வேலை செய்யாத பாகங்களுக்கு ஆயிரக்கணக்கில் வாய் பேசாமல் கொடுத்த அதே மனிதர்! பில்லில் பொருளின் பெயர் இருந்தால் பணம் கொடுக்கிறோம். மூளைக்கு என்று ஒரு வரி இருந்தால் சண்டை போடுகிறோம். அப்புறம் எந்த மெக்கானிக் இரண்டு மணி நேரம் குனிந்து தேடுவான்? "தேடினா காசு கிடையாது சார், மாத்தினா உண்டு" என்று ஒரு மாணவன் என்னிடம் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி, அதற்காகத் தொழிலை விட்டுக்கொடுக்காதே. "சோதனைக் கூலி இவ்வளவு" என்று பட்டறையில் போர்டு எழுதி வை. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடு. எந்தச் சோதனையில் அது பழுது என்று தெரிந்தது என்பதை ஒரு வரி எழுதிக் கொடு.

உறவினர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை காரை விடும்போது, "எதை மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.